ஆடிக் கூழும் பத்து லட்ச ரூபாய் பாட்டிலும்

ஆடி ஞாயிறு என்றால் பெரியபாளையம் விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்கிறது. சனிக்கிழமை இரவே வந்து தங்கியவர்கள் ஆரணி ஆற்றங்கரையில் செங்கல் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். வேப்பிலை ஆடை உடுத்தி பவானி அம்மனை வலம் வருகிறவர்கள் ஒரு பக்கம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வளையல் கடையை வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். சென்னையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வார விடுமுறை கிடைத்தவர்களும் குடும்பத்தோடு வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவே அண்டா அண்டாவாகக் கூழ். கேழ்வரகு மாவைக் கரைத்து, ஓர் இரவு புளிக்கவிட்டு, நொய் சேர்த்துக் காய்ச்சியது. சொம்பை நீட்டினால் ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமோ மோர் மிளகாயோ கிடைக்கும். விலை என்று எதுவும் கிடையாது.

தானியத்தைப் புளிக்கவைத்தால் சுவையும் மணமும் கூடும் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த சமாசாரம். அதே தானியம், அதே புளிப்பு. இன்னும் இரண்டு படி தாண்டினால் அது மால்ட் விஸ்கி. பெங்களூரு அம்ருத் நிறுவனம், தன் 75-ம் ஆண்டையொட்டி 'எக்ஸ்பெடிஷன்' என்ற பெயரில் 15 ஆண்டு பழைய சிங்கிள் மால்ட்டை வெளியிட்டது. மொத்தமே 75 பாட்டில்கள். ஒன்றின் விலை 12,000 டாலர், நம் பணத்தில் சுமார் பத்து லட்ச ரூபாய். ஒரு பாட்டிலுக்கு அவ்வளவு பெறுமா? எதை வைத்து அதை மதிப்பிடுவது?

சர்க்கரைப் பாகா, பார்லியா?

முதல் கேள்வியைப் பெரியபாளையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுவிடலாம்: பாட்டிலுக்குள் இருப்பது எதிலிருந்து வந்தது?

இதே மாவட்டத்தில் திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்தபின் எந்த ஆலையிலும் மிஞ்சுவது மொலாசஸ் என்கிற கரிய பாகு. நம் நாட்டில் 'விஸ்கி' என்று விற்கும் மலிவுச் சரக்குகளில் பல, இப்படிப்பட்ட பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட்டில் நிறமும் மணமும் கொஞ்சம் மால்ட்டும் கலந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை விஸ்கி என்ற பெயரில் விற்கவே முடியாது. அங்கே தானியத்திலிருந்து வந்தால்தான் விஸ்கி.

சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி மட்டுமே மூலப்பொருள். கேழ்வரகை ஈரத்துணியில் கட்டி முளைவிட்டு, காயவைத்து அரைக்கிறோமே, அந்த வேலைதான் மால்ட்டிங். அதை வெந்நீரில் ஊறவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்து, செம்புக் கொப்பரையில் வடித்து, மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் உறங்கவிடுகிறார்கள். அத்தனையும் ஒரே வடிசாலையின் சரக்காக இருக்கவேண்டும். 'சிங்கிள்' என்ற சொல்லுக்கு அதுதான் அர்த்தம்.

கம்பிபுராவில் குறையும் பீப்பாய்

பெரியபாளையத்திலிருந்து வெங்கல், தாமரைப்பாக்கம் வழியாகத் திருவள்ளூர். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி ஊருக்குள் நுழைந்து, மைசூர் சாலையில் கெங்கேரிக்கு அப்பால் போனால் கம்பிபுரா. 1948-ல் ராதாகிருஷ்ண ஜக்தாலே தொடங்கிய அம்ருத் நிறுவனத்தின் வடிசாலை இங்கேதான் இருக்கிறது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம். நமக்குக் குளுகுளு பெங்களூரு, ஆனால் ஸ்காட்லாந்தோடு ஒப்பிட்டால் இதுவும் வெயில் ஊர்தான். பீப்பாய்க்குள் இருக்கும் விஸ்கி மரத்தின் நுண்துளைகள் வழியே ஆவியாகிக்கொண்டே இருக்கும். இந்தத் தொழிலில் இதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். ஸ்காட்லாந்தில் தேவதைகள் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. பெங்களூருவிலோ 10 முதல் 12 சதவீதம் வரை போய்விடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் பீப்பாய். ஸ்காட்லாந்தில் 12 ஆண்டு கழித்துத் திறந்தால் 157 லிட்டர் இருக்கும். கம்பிபுராவில் 10 சதவீதம் என்று வைத்தாலே 56 லிட்டர்தான். 15 ஆண்டு விட்டுவைத்தால் 41 லிட்டர். ஐந்தில் நான்கு பங்கு காற்றோடு போயாயிற்று. அம்ருத் தன் அரிய விஸ்கி வரிசைக்கு 'கிரீடி ஏஞ்சல்ஸ்', அதாவது பேராசைத் தேவதைகள் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெயிலில் மரத்தின் சாறும் வேகமாக இறங்குகிறது. நாலைந்து ஆண்டுகளிலேயே விஸ்கி முதிர்ந்துவிடுவதால் அம்ருத்தின் பெரும்பாலான பாட்டில்களில் வயதே எழுதியிருக்காது. எனவே '12 ஆண்டு', '18 ஆண்டு' என்ற எண்ணை மட்டும் பார்த்து ஓர் இந்திய மால்ட்டையும் ஒரு ஸ்காட்ச்சையும் எடைபோடுவது சரியாக வராது.

மூக்குதான் முதல் நீதிபதி

சுவைத்துப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அவசரப்படுவதில்லை. டியூலிப் பூப்போல வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள். ஐஸ் கிடையாது, சோடா கிடையாது. குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். வாயைச் சற்றே திறந்துகொண்டு முகர்கிறார்கள். ஒரு சின்ன மிடறை நாக்கு முழுக்கப் பரவவிடுகிறார்கள். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்கிறார்கள். தண்ணீர் பட்டதும் அதுவரை ஒளிந்திருந்த மணம் எழும்பும். விழுங்கியபின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் கணக்கு.

அம்ருத்தின் 'ஃப்யூஷன்' இதற்கு நல்ல உதாரணம். முக்கால் பங்கு இந்திய பார்லி. கால் பங்கு ஸ்காட்லாந்து பார்லி. பீட் என்னும் சதுப்பு மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் உலர்த்தியது. வறுத்த தானியம், காய்ச்சிய வெல்லப்பாகு, ஆரஞ்சுத் தோல், அடியில் விறகடுப்புப் புகை என்று ஒவ்வொன்றாக வரும். விஸ்கி விமர்சகர் ஜிம் முர்ரே மணம், சுவை, நீடிப்பு, சமநிலை நான்குக்கும் தலா 25 மதிப்பெண் தருபவர். 2010 பதிப்பில் ஃப்யூஷனுக்கு 97 போட்டு, உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றார்.

அந்த இடத்துக்கு வந்த பாதை சுலபமாக இல்லை. 2004 ஆகஸ்ட் 24 அன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே அம்ருத் அறிமுகமானது. இந்தியாவிலிருந்து மால்ட்டா என்று உதட்டைப் பிதுக்கியவர்கள்தான் அதிகம். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் கொடுத்தபோதோ, ஸ்காட்ச் என்றே நினைத்துக் குடித்தார்கள். லேபிளைப் பார்த்தபின் நாக்கு பொய் சொல்லும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

விலைக்குள் என்னென்ன?

ஆக, நல்ல மால்ட்டின் விலையில் நியாயமான பங்கு உண்டு. முழுத் தானியம், பீப்பாய், காத்திருந்த வருடங்கள், காற்றில் போன லிட்டர்கள். அதற்குமேல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் வரி. அதற்கும் மேல் அரிது என்பதற்கான விலை. சில ஆயிரம் ரூபாய் ஃப்யூஷனைவிட பத்து லட்ச ரூபாய் பாட்டில் நூறு மடங்குக்கு மேல் விலை கூடியது. எந்த நாக்காலும் நூறு மடங்கு சுவையைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த விலை சேகரிப்பவருக்கானது.

விலை மாற்றாத ஒன்றும் இருக்கிறது. ஃப்யூஷனில் ஆல்கஹால் 50 சதவீதம். 30 மில்லி ஊற்றினால் 15 மில்லி சுத்த ஆல்கஹால். அது பார்லியிலிருந்து வந்ததா, பாகிலிருந்து வந்ததா என்று கல்லீரல் விசாரிப்பதில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1983-ல் தொடங்கி, 2003 முதல் சில்லறை விற்பனையையும் கையில் வைத்திருக்கும் டாஸ்மாக் கடைகளின் வாசலில் ஷிப்ட் முடிந்து நிற்பவர், பீப்பாயின் வயதை வாங்குவதில்லை. அன்றைய அலுப்பை மறப்பதற்குக் கூலியில் ஒரு பங்கைக் கொடுக்கிறார். வீட்டில் காத்திருப்பவர்கள் கேட்கும் கணக்கு வேறு: பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, மாதக் கடைசி.

அம்ருத் என்றால் அமிர்தம். பெரியபாளையத்திலிருந்து மேற்கே ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திர எல்லைக்குள் கால் வைத்ததும் சுருட்டப்பள்ளி வருகிறது. பாற்கடலைக் கடைந்தபோது வந்த ஆலகாலத்தைக் குடித்துவிட்டு, பார்வதியின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் சிவனை அங்கே பார்க்கலாம். அமிர்தமும் விஷமும் ஒரே கடைசலில் வந்தவைதான். ஆடியில் பெரியபாளையம் வருகிறவர்கள் பலர் அப்படியே அங்கேயும் ஒரு நடை போய் வருகிறார்கள். கிளம்பும் முன் ஒரு சொம்புக் கூழ் கேட்டு வாங்கிக்கொண்டால், வழியில் பசிக்காது.