எந்த வரிசை

ஆடி வெள்ளியன்று வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் பஸ் நின்றால், திருவேற்காட்டுக் கருமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டத்தோடு வேப்பிலையும் ஈர மஞ்சளும் கலந்த ஒரு வாசனையும் ஏறிக்கொள்ளும். போன ஆடியில் அந்த வாசனையோடு ஒரு திருநங்கையும் ஏறினார், மஞ்சள் புடவை, தலை நிறையக் கனகாம்பரம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களைப் போலவே திருநங்கையருக்கும் 2021 முதல் காசில்லாப் பயணம்தான், ஆனாலும் எந்தச் சீட்டைக் கிழிப்பது என்று கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், பிறகுதான் கிழித்தார்.

அந்தப் பார்வையை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இத்தனை பாலமும் கல்லூரிப் பலகையும் வராத காலம், கூழ் ஊற்றுகிற நாளில் தெருவுக்குக் கரகம் எடுத்துக்கொண்டு ஒரு திருநங்கை வருவார், பாட்டி முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ரூபாயை அவிழ்த்து, முறத்தில் அரிசியோடும் வெற்றிலையோடும் வைத்து, "வாடி மகளே" என்று நீட்டுவாள், நெற்றியைக் காட்டித் திருநீறு வாங்கிக்கொள்வாள், திண்ணையைத் தாண்டி உள்ளே மட்டும் கூப்பிடமாட்டாள். பாட்டியின் தாராளம் வாசற்படியோடு நின்றுவிடும். ஆனால் வந்தவர் தன்னை மகள் என்றார், அவளும் மகள் என்றே கூப்பிட்டாள், அதற்கு ஆதாரம் கேட்டதில்லை.

ஆதாரம் கேட்டது ரேஷன் கடை. மண்ணெண்ணெயும் ஈரச் சாக்கும் நாறுகிற அந்த இருட்டறை வாசலில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, கரகம் எடுத்தவர் இரண்டிலும் சேராமல் கூட்டம் கலைகிறவரை சுவரோரம் நிற்பார், கடைக்காரப் பெரியவர் நூல் கட்டிய கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கார்டில் உள்ள ஆண் பெயரை நிறுத்தி நிதானமாக உரக்கப் படிப்பார், யாராவது சிரிப்பார்கள். நாட்டிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டில் 2008 ஏப்ரலில் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்து அடையாள அட்டையும் தரத் தொடங்கியபோது எனக்கு அந்தச் சுவரோரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் புதுக்கோட்டைச் சாந்தி 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். குரோமோசோம் ஒன்றைச் சொல்லும், ஹார்மோன் வேறொன்றைச் சொல்லும், உடலுறுப்பு இன்னொன்றைச் சொல்லும், எதை வைத்துத் தீர்மானிப்பது என்று மருத்துவர்களுக்குள்ளேயே தகராறு. அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது, சாய்வு நாற்காலியில் கிடந்தபடி பொடி டப்பாவின் மூடியை வழக்கம்போல மூன்று தட்டு தட்டி, "ஓடினது அவ காலுதானே, அதுல என்னத்தைச் சோதிக்கிறான்" என்றார், பொடியை உறிஞ்சினார், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பாட்டியின் வழக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் வந்து சேர 2014 ஏப்ரல் 15 ஆயிற்று, ஆணா பெண்ணா மூன்றாம் பாலினமா என்று சொல்லவேண்டியவர் அந்த மனிதரே, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாயா என்று கேட்கக்கூடாது என்று நல்சா வழக்கின் தீர்ப்பு சொன்னது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், தூத்துக்குடித் தம்பதி ஒன்றின் வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தின் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்றார், இடைப்பாலினக் குழந்தைகளின் உடலைச் சின்ன வயதிலேயே வெட்டித் திருத்துவதைத் தடுக்கவும் உத்தரவிட்டார், அந்த ஆகஸ்டில் அரசாணையும் வந்தது. ஆனால் அதே வருஷம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் கலெக்டரின் சான்றிதழைக் கேட்டது, ஆண் என்றோ பெண் என்றோ எழுத வேண்டுமானால் அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவ அதிகாரியின் கடிதத்தையும் கேட்டது.

இன்று அலுவலகங்களில் மண்ணெண்ணெய் வாசனை இல்லை, டோக்கன் உண்டு, குளிர்சாதனம் உண்டு, பெயரை உரக்கப் படிக்கிற பெரியவர்கூட இல்லை, ஆனால் கண்ணாடிக்கு மேலால் ஏற இறங்கப் பார்க்கிற அந்தப் பார்வையை யாரும் ஓய்வுபெற அனுப்பவில்லை. திண்ணையோடு நிறுத்திய பாட்டியை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் ஒருவர் தன்னை யாரென்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்வதுதான் அரசின் வேலை, அதைச் சரிபார்ப்பது அல்ல.