எலுமிச்சம்பழமும் யூஎஸ்பி கேபிளும்

அடி என் அருமைச் சிநேகிதி,

உன் பையனோட டிரம் பேட் வாசிக்கும்போதே செத்துப் போகுது, புது லேப்டாப் கேட்டு அடம் பிடிக்கிறான்னு எழுதியிருந்தியே. பணத்தை எண்ணி வைக்கிறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கூத்தைக் கேளு.

என் கொழுந்தனார் மிடி கீபோர்டும் கையுமா இருக்கிறது உனக்குத் தெரியும். போன மாசம் ராத்திரி ரெக்கார்டிங். நடுவுல வயலின் ஒரே சுரத்துல ஓலமிட ஆரம்பிச்சது, நிக்கவே இல்லை. கட்டையை அழுத்தினா 'ஆரம்பி'ன்னு ஒரு சேதி, விட்டா 'நிறுத்து'ன்னு ஒரு சேதி கம்ப்யூட்டருக்குப் போகும். 1983-ல மிடி வந்ததுலேருந்து இதுதான் ஏற்பாடு. நடுவுல இணைப்பு அறுந்தா ரெண்டாவது சேதி போய்ச் சேராது. இதெல்லாம் எங்க அத்தைக்குத் தெரியுமா? கண் பட்டுடுச்சுன்னு கீபோர்டுக்கு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டாங்க! கடைக்காரரோ மதர்போர்டு போச்சுன்னுட்டார். கொழுந்தனாரும் நம்பிட்டார்.

காப்பாத்தினது யாரு தெரியுமா? எதிர் வீட்டுப் பொண்ணு, சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிறாளே, அவதான். வந்ததும் மேஜைக்கு அடியிலதான் குனிஞ்சு பார்த்தா. ஒரே ஹப்புல மவுஸ், ஹார்ட் டிஸ்க், குட்டி ஃபேன், கூடவே கீபோர்டு. யூஎஸ்பி 2.0 போர்ட் ஒண்ணு தர்றது 500 மில்லி ஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப்புன்னா அந்த ஒரு சொம்புத் தண்ணியைத்தான் எல்லாரும் பங்கு போட்டுக்கணும். கீபோர்டைக் கழட்டி லேப்டாப்புல நேரா சொருகினா.

பழைய கேபிள் முனை லூஸ். கொழுந்தனார் ஒரு சார்ஜர் கேபிளை நீட்டினார். விளக்கு எரிஞ்சது, ஆனா கம்ப்யூட்டருக்குக் கீபோர்டே தெரியலை. "அண்ணா, இதுல கரண்ட் ஒயர் மட்டும்தான், டேட்டா ஒயரே கிடையாது"ன்னா. மனுஷன் முகத்தை நீ பார்த்திருக்கணும்!

ஆனா நிஜத் திருடன் விண்டோஸ்தான்டி. காபி குடிச்சுட்டு வந்தா கீபோர்டு செத்திருக்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன்னு, சும்மா கிடக்கிற யூஎஸ்பி கருவியை அது தூங்க வைக்குமாம். சில கருவி திரும்ப எழுந்திருக்காது. அந்தப் பொண்ணு பவர் ஆப்ஷன்ஸ்ல 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்'டை நிறுத்தினா. டிவைஸ் மேனேஜர்ல ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்புலயும் பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுத்தா. லேப்டாப்புல இதை ஏன் இப்படியே வச்சு விக்கிறாங்களோ, எனக்குக் கோபமா வருது.

இன்னொண்ணு: பழைய விண்டோஸ்ல பெரும்பாலும் ஒரு மிடி கருவியை ஒரே சமயத்துல ஒரு மென்பொருள்தான் பிடிச்சுக்க முடியும். பின்னாடி ஒண்ணு திறந்து கிடந்தா அடுத்ததுக்குக் கிடைக்காது. அதனால கருவியை முதல்ல சொருகிட்டு, அப்புறம் வேண்டிய மென்பொருளை மட்டும் திறக்கணும். போர்ட்டையும் மாத்திக்கிட்டே இருக்கக் கூடாது; சில கருவியை, போர்ட் மாறினா விண்டோஸ் புது ஆளுன்னு நினைச்சுக்குமாம்.

இப்போ கீபோர்டு சமத்தா இருக்கு. கொழுந்தனார்தான் சந்தேகம் கேட்க அடிக்கடி எதிர் வீட்டுக்குப் போறார். "சர்ச்சுக்குப் போற பொண்ணாச்சே"ன்னு அத்தை பெருமூச்சு விடறாங்க. இதை யார்கிட்டயும் சொல்லிடாதே!

உன் பையன்கிட்ட சொல்லு: ஹப்பைக் கழட்டிட்டு, நல்ல டேட்டா கேபிள் ஒண்ணு வாங்கி நேரா சொருகட்டும், அந்த டிக்கையும் எடுக்கட்டும். அதுக்கப்புறமும் நின்னா லேப்டாப் பேச்சை எடுக்கலாம்.

உன் அன்புச் சிநேகிதி