வினைச்சொல்லான தளபதி

இருபது ஆண்டுகளாக வகுப்பில் வினைச்சொல்லுக்கு இலக்கணம் சொல்லி வருகிறேன். அதற்கு நான் கண்ட ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு, அமெரிக்கத் தளபதி யுலிசிஸ் கிராண்ட் 1885 ஜூலையில் தம் மருத்துவருக்கு எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் இருக்கிறது.

தொண்டைப் புற்றுநோயால் அவருக்குப் பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. தாம் இடப்பெயர் அல்லர், வினைச்சொல் என்றே தோன்றுவதாக அதில் எழுதினார். இருத்தல், செய்தல், துன்புறுதல் ஆகியவற்றைக் குறிப்பது வினை. தாம் மூன்றுமே என்றார். தமிழில் 'படுதல்' என்று வைத்தால் துயரும் செயப்பாட்டு வினையும் ஒருசேர வந்துவிடுகின்றன.

பட்டவர்தாம். 1854-இல் படையை விட்டு விலகி, செயிண்ட் லூயிஸ் தெருக்களில் விறகு விற்றவர். 1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டாக்ஸில் லீ சரணடைந்தபோது சேறு படிந்த சிப்பாய்ச் சட்டையோடு போனவர்; தோற்ற வீரர்கள் தம் சொந்தக் குதிரைகளை உழவுக்குக் கொண்டுபோக இசைந்தவர். பிறகு எட்டாண்டுகள் குடியரசுத் தலைவர். அக்காலத்தை அவரே தம் நூலில் ஏறக்குறைய தொடவில்லை. நான் எதற்குத் தொட வேண்டும்?

1884-இல் கூட்டாளியின் மோசடியால் கைப்பொருள் அனைத்தும் போயிற்று. மனைவி ஜூலியாவுக்கு ஏதேனும் மிஞ்சட்டும் என்றே நினைவுக் குறிப்புகளை எழுதினார். மார்க் ட்வைனின் பதிப்பகம் வெளியிட்டது. எழுதி முடித்த சில நாள்களில், ஜூலை 23 அன்று இறந்தார். ஜூலியாவுக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது.

என் தந்தையாரும் இறுதியில் பேச்சிழந்து சிலேட்டில் எழுதிக் காட்டியவர். 'வலிக்கிறது', 'போதும்', 'போய்த் தூங்கு'. ஒன்றிலும் எழுவாய் இல்லை.