படிக்கட்டுக்கு அடியில சார்ஜ்

ஆம்பூர்ல ஒரு ஷூ யூனிட்.
படிக்கட்டுக்கு அடியில, வேலைக்கு வர்றவங்களோட இ-ஸ்கூட்டர் பேட்டரிங்க சார்ஜ்ல கிடக்கு.
கையெட்டுற தூரத்துல ஷூ ஒட்டுற சொல்யூஷன் டின், மூடி பாதி திறந்து. நெடி மூக்கைத் துளைக்குது.
மேல தையல் செக்‌ஷன், முழுக்கப் பொண்ணுங்க. இறங்க அந்த ஒரே படிக்கட்டு.

சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். "பாத்துக்கலாம் சார்"னாரு.

2022 மார்ச்சை அதுக்குள்ள மறந்துட்டோமா?
நம்ம வேலூர் அல்லாபுரம். ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டிருந்த இ-ஸ்கூட்டர் எரிஞ்சு, அப்பாவும் மகளும் போயிட்டாங்க.
கொன்னது புகை.
அதே வருஷம் செப்டம்பர்ல செகந்திராபாத். கீழ ஸ்கூட்டர் ஷோரூம், மேல லாட்ஜ். 8 பேர்.

லித்தியம் பேட்டரியில ஒரு செல் சூடேறினா பக்கத்து செல்லையும் இழுத்துக்கும். எரியுற வாயுவைக் கக்கும். அணைஞ்சிடுச்சுன்னு நினைச்ச பிறகும் மறுபடி பத்திக்கும்.
பக்கத்துல தின்னரும் சொல்யூஷனும் இருந்தா?

பெரிய செலவு ஒண்ணும் இல்லைங்க.
கட்டடத்துக்கு வெளிய, வெயில் படாத ஒரு ஷெட்டுல சார்ஜ் பாயின்ட்.
அந்தந்த பேட்டரிக்கு வந்த சார்ஜர்தான். ஆள் இருக்கிற நேரத்துல மட்டும்.
உப்பினது, அடிபட்டது எதுவா இருந்தாலும் அன்னிக்கே வெளிய தனியா வைக்கணும்.

வேலைக்கு வர்றவங்க மேல எனக்குக் கோபமே இல்ல. பெட்ரோல் விக்கிற விலையில பேரணாம்பட்டுலேர்ந்து தினம் வர்றவங்க வேற என்ன பண்ணுவாங்க?
இடம் ஒதுக்க வேண்டியது முதலாளி.

உங்க யூனிட்ல பேட்டரி எங்க சார்ஜ் ஆகுது? நாளைக்குப் போனதும் பாத்துட்டு இங்க சொல்றீங்களா?