மூன்று டிஸ்க், ஒரே பட்டியல்

நெய்வேலி டவுன்ஷிப்பில் பணி ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, எங்கள் வடக்குத்துப் பக்கம் வீடு கட்டிக் குடிவருபவர்கள் பலர். பீரோ, கட்டிலோடு குடும்பத்தின் போட்டோக்களும் வரும்: பழைய கணினியிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க் ஒன்று, பென் டிரைவ் ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் மகன் தன் மேக்கிலிருந்து எடுத்துக் கொடுத்த டிஸ்க் ஒன்று. "எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துட்டு, ரெண்டு தடவ இருக்கறத அழிச்சிடுங்க தம்பி" என்பார்கள். "அழிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம் சார், முதல்ல ஒப்பிட்டுப் பாப்போம்" என்பதுதான் என் பதில்.

இரண்டே ஃபோல்டர் என்றால் லினக்ஸ் டெர்மினலில் 'டிஃப்' போதும். பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராயும் ஜேம்ஸ் ஹன்ட்டும் உருவாக்கி, 1974இல் யூனிக்ஸின் 5ஆம் பதிப்போடு வெளிவந்த கட்டளை அது. எந்தக் கோப்பு ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது, எது ஒரே பெயரில் வேறு உள்ளடக்கத்தோடு இருக்கிறது என்று உள்ஃபோல்டர்கள் வரை இறங்கிச் சொல்லிவிடும். ஆனால் பெயரை வைத்தே அது ஜோடி சேர்க்கிறது. படத்தின் பெயரை யாராவது மாற்றியிருந்தால், ஒரே படத்தை இரண்டு பக்கமும் 'இங்கே மட்டும் உள்ளது' என்று காட்டும். மூன்றாவது டிஸ்க் வந்துவிட்டால் இரண்டிரண்டாக ஓட்டி, முடிவுகளை மனதில் கோத்துக்கொண்டிருக்க வேண்டும். அதில் எனக்கு நம்பிக்கையில்லை.

தேதியையும் நம்புவதில்லை. ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் நேரத்தை 2 விநாடிக்கு ஒருமுறைதான் குறிக்கும். நகலெடுத்த கோப்பின் நேரம் மூலத்தோடு அப்படியே பொருந்தாமல் போகலாம்.

அதனால் உள்ளடக்கத்திலிருந்து தொடங்குகிறேன். 'ஃபைண்ட்' ஒவ்வொரு டிஸ்க்கிலும் உள்ள கோப்புகளைத் தேடித் தர, 'எஸ்எச்ஏ256சம்' ஒவ்வொன்றுக்கும் 64 எழுத்தில் ஒரு கைரேகை எடுக்கிறது. ஒரு பைட் மாறினாலும் கைரேகை மாறிவிடும். டிஸ்க்குக்கு ஒரு பட்டியல். ஒரே டிஸ்க்குக்குள் இரட்டித்திருப்பவை கணக்கைக் கெடுக்கும் என்பதால், அந்தந்தப் பட்டியலிலேயே அவற்றை முதலில் ஒன்றாக்கிவிட வேண்டும். பிறகு மூன்றையும் சேர்த்து 'சார்ட்' செய்து, 'யூனிக்' கொண்டு எண்ணினால், 3 என்று வருவது எல்லா டிஸ்க்கிலும் உண்டு. 1 என்று வருவது ஒரே ஒரு இடத்தில்தான் உயிரோடு இருக்கிறது. அந்த 1களைத்தான் முதலில் காப்பாற்றுகிறேன். டிஸ்க்குகள் நான்கானாலும் ஐந்தானாலும் இதே வழிதான்.

தமிழில் பெயர் வைத்திருந்தால் இந்த முறை இன்னும் அவசியம். 'பொங்கல்' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். நம் விசைப்பலகைகளில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் விழும். திரையில் இரண்டும் ஒன்றேதான். லினக்ஸுக்கோ இரண்டும் வெவ்வேறு ஃபோல்டர்கள். அப்பா வைத்திருந்த பொங்கலும் மகன் வைத்திருந்த பொங்கலும் டிஃப்பில் சேரவே சேராது. 'கன்வ்எம்வி' கட்டளையால் பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றலாம். அதை நகலில்தான் செய்வேன், மூலத்தில் அல்ல. மூல டிஸ்க்குகளை எழுத முடியாதபடி, படிக்க மட்டும் இணைப்பது என் மாறாத வழக்கம்.

கைரேகைக்கும் ஓர் எல்லை உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வாங்கியது சுருக்கப்பட்ட படம்; கண்ணுக்கு ஒன்றுதான் என்றாலும் கைரேகை வேறு. அவற்றை வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பார்த்தே பிரிக்க வேண்டும். அந்த நேரத்தை நான் வீண் என்று நினைப்பதில்லை. கணினி பைட்டுகளைத்தான் ஒப்பிடும். எந்தப் படம் வேண்டும் என்று அந்த வீட்டாருக்குத்தான் தெரியும்.

உங்கள் வீட்டிலும் இப்படி டிஸ்க்குகள் சேர்ந்திருந்தால், எதையும் அழிப்பதற்கு முன் ஒரு பட்டியல் எடுத்து வைத்துவிடுங்கள்.