லேப்டாப்புக்குள் ஒரு துபாஷி

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, தமிழ்நாடு அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். கோப்பு எழுதிய அத்தனை வருடத்திலும் அந்தப் பிரெஞ்சு எதற்கும் உதவவில்லை. போன மாதம்தான் உதவியது, அதுவும் கம்ப்யூட்டர் விஷயத்தில்.

என்னிடம் ஒரு பழைய சிடி இருக்கிறது. என் மனைவி இருந்த காலத்தில் அவள் சொல்லச் சொல்ல, வானவில் எழுத்துருவில் நான் தட்டி வைத்த குறிப்புகள். கைவைத்தியம், பிள்ளை பெற்றவளுக்கான பத்தியம், அவள் அம்மா பாடிய தாலாட்டு. இன்று திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது. அந்தக் கால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்தவை. யுனிகோடில்தான் தமிழுக்கென்று தனி எண்கள் உண்டு. அரசு அலுவலகங்கள் யுனிகோடுக்கு மாற வேண்டுமென்று 2010இல் ஆணை வந்தது. என் சிடி மட்டும் மாறவில்லை.

இதை மாற்ற மென்பொருள்கள் கிடைக்கின்றன. ஆனாலும் பேரன், "நானே எழுதித் தரேன் தாத்தா" என்று உட்கார்ந்துவிட்டான். அவன் கல்லூரியில் லினக்ஸ் பழகியவன். கட்டளை தட்டும் 'ஷெல்' இல்லாமல் அவனுக்குக் கை ஓடாது. நிரல் ஓட வேண்டியதோ என் போன்ற கிழவர்களின் விண்டோஸில். எனவே விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் போன்ற சூழலைத் தரும் சிக்வினைப் போட்டான். அதன் கம்பைலரில் செய்தால் நிரலோடு சிக்வினின் டிஎல்எல் கோப்பு ஒன்றையும் சுமந்து போக வேண்டும். அது வேண்டாமென்று, விண்டோஸின் சொந்தக் கம்பைலரான விஷுவல் சி++ஐ சிக்வின் ஷெல்லிலிருந்து ஓட்டினான்.

அந்த லேப்டாப், பாரிஸில் இருக்கும் என் தங்கை மகன் பழசாகிவிட்டதென்று கொடுத்துவிட்டுப் போனது. எல்லாம் பிரெஞ்சு.

"தாத்தா, பிரெஞ்சுல என்னமோ திட்டுது. வந்து பாருங்க!"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனேன். தெரியாத ஆப்ஷன், விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருந்தது. "ஆப்ஷனா? நான் கோப்பு இருக்கிற இடத்தைத்தானே கொடுத்தேன்!" என்றான். அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஷெல்லில் கோப்பின் முழு வழி சாய்கோட்டில் தொடங்கும். அந்தக் கம்பைலருக்குச் சாய்கோட்டில் தொடங்குவதெல்லாம் ஆப்ஷன். பிரெஞ்சில் 'பேன்' என்றால் ரொட்டி, தமிழில் தலையில் ஊர்வது. அந்தக் கதைதான். வழியை விண்டோஸ் பாணிக்கு மாற்றித் தர 'சிக்பாத்' என்றொரு கட்டளை இருக்கிறதாம். "துய்ப்ளேக்ஸுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை மாதிரி, துபாஷி!" என்றேன். அவன் சிரித்தான்.

அடுத்து இன்னொரு வரி வந்தது. 'லிங்க்' சொல்கிறது: ஒரு பெயர் அதிகமாக இருக்கிறது. கம்பைலர் செய்து வைத்த துண்டுகளை இணைத்து முழு நிரலாக்குவது லிங்க் வேலை. துண்டுகள் பல இருக்கத்தானே செய்யும்? இரண்டுக்கு மேல் பெயர் கூடாது என்கிற இவன் யார்?

திருவண்ணாமலையில் "அண்ணாமலை!" என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்புவார்கள். எங்கள் பிரிவிலும் ஒரே பெயரில் இரண்டு எழுத்தர்கள் இருந்தார்கள். தபால் எப்போதும் வாசலுக்கு அருகே உட்கார்ந்தவர் மேஜைக்குத்தான் போகும். "இந்தப் பேர்ல இன்னொருத்தன் இருக்கானா பாரு" என்றேன்.

இருந்தான். சிக்வினிலும் ஒரு லிங்க் உண்டு. அதன் வேலை ஒரு கோப்புக்கு இன்னொரு பெயர் வைப்பது மட்டும்தான். பழைய பெயர், புதுப் பெயர், இரண்டோடு சரி. எந்தக் கட்டளை எங்கே இருக்கிறது என்று தேட 'பாத்' என்றொரு வரிசைப் பட்டியல் இருக்கிறது. ஷெல் அந்த வரிசையில் தேடி, முதலில் கண்ணில் படுபவனிடம் வேலையைக் கொடுத்துவிடும். சிக்வினின் லிங்க் முன்னால் இருந்தான். இருவர் மேலும் குற்றமில்லை, நாற்காலி வரிசைதான் தப்பு. விஷுவல் சி++ இருக்கும் இடத்தைப் பட்டியலில் முன்னால் வைத்தான். நிரல் தயார்.

முதல் ஓட்டத்தில் 'கொ', 'கோ' எல்லாம் கொம்பு இடம் மாறிக் கிடந்தன. பழைய எழுத்துருவில் கொம்பு முதலில் வரும், எழுத்து பின்னால். யுனிகோடில் எழுத்து முதலில். அதையும் சரிசெய்தான். பிறகு என்னைக் கூப்பிட்டு, எதுவும் பேசாமல் நகர்ந்து உட்கார்ந்தான்.

திரையில் தாலாட்டு. நடுவே அடைப்புக்குறிக்குள் நான் தட்டியிருந்த ஒரு வரி: "இங்கே அவளுக்கு மறந்துவிட்டது, நாளை கேட்க வேண்டும்."

மறுநாள் கேட்டேனா என்று நினைவில்லை. வேறு கோப்பில் எழுதியிருக்கலாம். இன்னும் பதினொன்று மாற்ற வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பழைய சிடி இருந்தால், கிறுக்கல் என்று எறிந்துவிடாதீர்கள்.