ஆப்பிள் நறுக்கும் டீச்சர்

ஸ்டுட்கார்ட்டில் முதல் வால்டார்ஃப் பள்ளியைத் தொடங்க வைத்தவர் ஒரு சிகரெட் ஆலை முதலாளி. ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வால்டார்ஃப்-அஸ்டோரியா ஆலையின் எமில் மோல்ட், தன் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி அமைத்துத் தரும்படி தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனரைக் கேட்டார். 1919-இல் பள்ளி வந்தது. ஆலையின் பெயர் பள்ளிக்கும் ஒட்டிக்கொண்டது. மழலையர் பிரிவு 1926-இல்தான். அதைப் பார்க்க ஸ்டைனர் இல்லை, முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

வேலை நிமித்தம் இந்த நகரத்துக்கு வந்த நாங்கள், ஸ்டைனர் முறையில் நடக்கும் ஒரு மழலையர் பள்ளியில் மகளைச் சேர்த்தோம். வீட்டுக்குப் பக்கம் என்பதுதான் முதல் காரணம். உள்ளே போனால் சுவரில் எழுத்துப் படம் ஒன்றுகூட இல்லை. கூடைகளில் பைன் காய்கள், மரக்கட்டைகள், துணித் துண்டுகள். துணிப் பொம்மைக்குக் கண்ணுக்கு இரண்டு புள்ளி, அவ்வளவுதான் முகம். அழுகிறதா சிரிக்கிறதா என்பதைப் பிள்ளையே முடிவுசெய்து கொள்ள வேண்டுமாம்.

ஒரு காலை நேரம் அங்கே உட்கார்ந்து பார்க்க விட்டார்கள். டீச்சர் மேசையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் வந்து பக்கத்தில் நின்றான். பிறகு தானே ஒரு மழுங்கிய கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். டீச்சர் அவன் பக்கம் பலகையைச் சற்றுத் தள்ளிவைத்தார். ‘வெரி குட்’ கிடையாது, ‘அப்படிப் பிடிக்காதே’யும் கிடையாது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் வாய் நமநமவென்றது. ஏழு வயதுவரை பிள்ளை பார்த்துச் செய்தே கற்கும் என்பது ஸ்டைனர் கட்சி. அப்படியானால் பெரியவர்கள் பார்க்கத் தகுந்த வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்க வேண்டும். பள்ளியின் முழுப் பாரமும் அங்கேதான் இருக்கிறது. காடும் மண்ணும் அப்புறம்.

மண்ணுக்கும் குறைவில்லை. தோள்பட்டி வைத்த ரப்பர் கால்சட்டையை மாட்டிவிட்டு, மழையென்றாலும் வெளியே விட்டுவிடுகிறார்கள். மரக்கிளை முறியும் அளவுக்குப் புயலடித்தால் மட்டும் உள்ளே. ஒரே கதையை இரண்டு வாரம் சொல்கிறார்கள். இரவில் அதே கதையை நான் சொல்லும்போது ஓநாயின் பேச்சைக் கொஞ்சம் சுருக்கினேன். “அப்பா, அது அப்படி இல்ல,” என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தாள்.

ஊரிலிருந்து அம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

“அஞ்சு வயசாச்சு, இன்னும் எழுத்து ஆரம்பிக்கலையா? விஜயதசமிக்கு அரிசியில எழுத வச்சதோட சரியா?”

பால்பல் விழுந்த பிறகுதான் எழுத்து என்றார் ஸ்டைனர். பல்லுக்கும் எழுத்துக்கும் அவர் போட்ட முடிச்சு எனக்கு விளங்கவில்லை. அவருடைய ஆன்மிகத் தத்துவமும் தொண்டையில் இறங்கவில்லை. இனங்களைப் பற்றி அவர் சொன்னவை அதைவிட மோசம். ஆனால் நியூசிலாந்தில் ஸ்டைனர் பள்ளிகளில் ஏழு வயதில் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் ஐந்தில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. பதினொரு வயதுக்குள் வாசிப்பில் வித்தியாசம் தெரியவில்லை என்றது அது. இப்படிப்பட்ட பள்ளிக்கு அனுப்புகிற வீடுகளில் புத்தகத்துக்குப் பஞ்சமிருக்காது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

அம்மாவுக்கு நியூசிலாந்து செல்லுபடியாகவில்லை. “அதுவரைக்கும் என்னதான் பண்ணுவா?”

இப்போதைக்கு பீன்ஸ் நறுக்குகிறாள். பள்ளியில் இருப்பதுபோன்ற கத்தி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஒரு துண்டு விரல் நீளம், அடுத்தது மிளகு அளவு. சாம்பார் அரை மணி தாமதமாகத்தான் மேசைக்கு வருகிறது. இரண்டு அளவும் ஒரே நேரத்தில் எப்படி வேகும் என்று என் மனைவி என்னிடம் சண்டைக்கு வருகிறாள். மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.